பயிற்சிக்குப் போய் வந்தும் வகுப்பு ஏன் மாறுவதில்லை?

ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை கேட்டிருந்தார்: "எங்கள் பள்ளியில் எட்டு ஆசிரியர்கள். எல்லாரும் ஆண்டுதோறும் பணியிடைப் பயிற்சிக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது உற்சாகமாகத்தான் வருகிறார்கள். பத்து நாளில் வகுப்பு பழையபடி ஆகிவிடுகிறது. குறை யாரிடம்? பள்ளிக்குள்ளேயே நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேரை எப்படி வளர்த்தெடுப்பது?"

குறை உங்கள் ஆசிரியர்களிடம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உற்சாகமாகத் திரும்பி வருகிறார்கள் என்றால் கற்றுக்கொள்ளும் ஆசை அவர்களிடம் இருக்கிறது. கேட்டது கையில் வராமல் போவதுதான் சிக்கல். பயிற்சி அறையில் கேட்பதற்கும் முப்பது குழந்தைகளுக்கு முன்னால் செய்வதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டவைக்கும் வேலையைப் பெரும்பாலான பயிற்சிகள் ஆசிரியரின் தலையிலேயே விட்டுவிடுகின்றன.

நான் பல ஆண்டுகள் தொடக்க வகுப்புகளில் பாடம் நடத்தியவன். பிறகு கருத்தாளராகப் பயிற்சிகள் நடத்தினேன். ஆரம்பத்தில் நானும் பேசிக்கொண்டேதான் இருந்தேன். கற்றல் விளைவுகள், செயல்வழிக் கற்றல், மதிப்பீடு என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பவர்பாயிண்ட் வைத்திருந்தேன். ஒரு நாள் மதிய இடைவேளையில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் ஒரு கணக்கு நோட்டோடு வந்தார். "இந்தப் பையனுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் இப்படித்தான் சார் போடுகிறான்" என்றார். 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். 81-லிருந்து 46 போனால் 45. 63-லிருந்து 38 போனால் 35. நாலாவது கணக்கில் 74-லிருந்து 32 போனால் 42 என்று சரியாகப் போட்டிருந்தான்.

பிற்பகலுக்குத் தயாரித்து வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு, அந்த நாலு கணக்கையும் கரும்பலகையில் எழுதினேன். "இந்தப் பையன் என்ன நினைத்து இப்படிப் போட்டிருப்பான்?" என்று மட்டும் கேட்டேன். முதலில் வந்த பதில், கவனக்குறைவு. அடுத்தது, கடன் வாங்க மறந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு ஆசிரியர் சொன்னார்: "மறக்கவில்லை. ஒவ்வொரு கணக்கிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறான். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறான்." நாலாவது கணக்கு சரியாக வந்ததும் அதனால்தான். அங்கே மேலே இருந்த இலக்கங்கள் இரண்டும் பெரியவை. பிறகு இன்னொரு ஆசிரியை மெதுவாகச் சொன்னார்: "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று அவனுக்குச் சொன்னது நாம்தானே. அவன் அதன்படிதான் நடந்திருக்கிறான்."

அறையில் யாரும் பேசவில்லை. அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினோம். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் இருக்க, ஏழு குச்சி கொடு என்றால் குழந்தை என்ன செய்யும்? ஒரு கட்டைத்தான் பிரிக்கும். அதற்குக் 'கடன் வாங்குதல்' என்ற பெயர் பொருந்துமா? கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அடுத்த பருவத்தில் அதே ஆசிரியர்களைச் சந்தித்தபோது என் பவர்பாயிண்டில் இருந்த ஒரு வரிகூட யாருக்கும் நினைவில் இல்லை. அந்த நாலு கணக்கு எல்லாருக்கும் நினைவிருந்தது. தங்கள் வகுப்பு நோட்டுகளில் அதே தவறைத் தேடிப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதிலின் சாரம் அந்தப் பிற்பகலில்தான் இருக்கிறது. குழந்தை எப்படி யோசிக்கிறது என்பதை ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்போதுதான் கற்பித்தல் மாறுகிறது. பயிற்சிக்கான பாடநூல் குழந்தையின் நோட்டு. பயிற்சி நடக்க வேண்டிய இடம் உங்கள் பள்ளி.

தொடக்கப் பள்ளிப் பாடம் எளிது, ஆகவே அதை நடத்தப் பெரிய அறிவு தேவையில்லை என்ற எண்ணம் வெளியே பரவலாக இருக்கிறது. ஆசிரியர்களில் சிலருக்கும் அது உண்டு. கழிக்கத் தெரிந்திருப்பது வேறு, கழித்தலில் ஏழு வயதுக் குழந்தை எங்கே தடுக்கி விழும், அங்கே எந்தப் படம், எந்தக் கேள்வி, எந்தப் பொருள் உதவும் என்று தெரிந்திருப்பது வேறு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் இதைத் தனி அறிவாகவே அடையாளம் காட்டினார். பாட அறிவும் கற்பிக்கும் முறையும் ஒன்றோடொன்று கலந்த அறிவு அது. கணிதம் படித்தவரிடம் அது தானாக இருக்காது. வகுப்பை அமைதியாக வைத்திருக்கத் தெரிந்தவரிடமும் தானாக இருக்காது.

கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் நான் எப்போதும் பேசுவேன். அமெரிக்காவில் 23 ஆசிரியர்கள், சீனாவில் 72 ஆசிரியர்கள், எல்லாரும் தொடக்கப் பள்ளி நடத்துகிறவர்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கதைக் கணக்கும் கேட்டார். விடை மூன்றரை. சீன ஆசிரியர்கள் எல்லாருக்கும் விடை சரியாக வந்தது, பத்தில் ஒன்பது பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேருக்குக்கூட விடை முழுமையாகச் சரியாக வரவில்லை. கணிதப்படி சரியான கதையைச் சொன்னவர் ஒரே ஒருவர். அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் பலர் குழப்பிக்கொண்டார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. படித்த ஆண்டுகளை எண்ணினால் அமெரிக்க ஆசிரியர்கள்தான் அதிகம் படித்தவர்கள். சீன ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி முடித்து வந்தவர்கள், மொத்தம் 11, 12 ஆண்டுப் படிப்பு. அவர்களுக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது? பணியில் சேர்ந்த பிறகு வந்தது. பள்ளியிலேயே ஒரு பாடத்தை நடத்துகிறவர்கள் குழுவாக உட்கார்ந்து பாடநூலைப் பக்கம் பக்கமாக அலசுகிறார்கள். இந்தக் கணக்கை ஏன் இந்த எண்ணோடு கொடுத்திருக்கிறார்கள், குழந்தைகள் என்னென்ன வழியில் போடுவார்கள் என்று பேசுகிறார்கள். மா கேட்ட முதல் கேள்வியே கழித்தல் பற்றியதுதான். அதில் சீன ஆசிரியர்கள் பலர் கடன் வாங்குவது என்று சொல்லாமல், ஒரு பத்தைப் பிரிப்பது என்றே பேசினார்கள். நாங்கள் அந்தப் பிற்பகலில் குச்சிக் கட்டை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்த இடம் அது.

ஆசிரியர் பயிற்சியின் ஆண்டுகளைக் கூட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தில் 1970-களின் கடைசியிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுகலைப் பட்டம் வேண்டும், அதற்குப் பலனும் இருக்கிறது. ஆனால் பணிமுன் பயிற்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தொடக்கம்தான். உங்கள் கையில் இருப்பதும் அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள்தான்.

ஜப்பானில் இதே வேலைக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மரபு ஒன்று உண்டு. ஜுகியோ கென்கியூ என்பார்கள், பாட ஆய்வு என்று சொல்லலாம். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். என்ன கேள்வியோடு தொடங்குவது, அதற்குக் குழந்தைகள் சொல்லக்கூடிய பதில்கள் என்ன, கரும்பலகையில் எது எந்த இடத்தில் வர வேண்டும் என்பது வரை எழுதிக்கொள்வார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். யாரைப் பார்ப்பார்கள் என்பதுதான் இதில் முக்கியம். அவர்கள் கண் குழந்தைகள் மேல் இருக்கும். இந்தக் குழந்தை பென்சிலை எடுக்கவே மூன்று நிமிடம் ஆனது, அந்தக் குழந்தை எழுதி அழித்துவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்த்தது என்று குறிப்பார்கள். பாடம் முடிந்ததும் கூடிப் பேசுவார்கள். பாடத்தைத் திட்டமிட்டது எல்லாரும் சேர்ந்து என்பதால், அது சரியாகப் போகவில்லை என்றால் நடத்தியவர் மட்டும் கூனிக் குறுக வேண்டியதில்லை. "நாம் கொடுத்த எண் சரியில்லை" என்றுதான் பேச்சு போகும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் பாட ஆய்வை விரும்புகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. வடமேற்கு மாகாணத்தில் செட்ஸ்வானா மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களை இரண்டு குழுவாக வைத்தார்கள். பாடத்திட்டமும் வாசிப்புப் புத்தகங்களும் இரண்டு குழுவுக்கும் ஒன்றேதான். ஒரு குழு, 50 பள்ளிகள், ஓரிடத்தில் கூடிப் பயிற்சி பெற்றது. இன்னொரு 50 பள்ளிகளுக்கு வழிகாட்டி ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வாக்கில் வகுப்புக்கே வந்து பார்த்து, செய்து காட்டி, உடன் பேசினார். 2015, 2016 இரண்டு ஆண்டும் முடிந்த பிறகு பார்த்தால், இந்தத் திட்டத்தில் சேராத பள்ளிகளோடு ஒப்பிடும்போது வழிகாட்டி வந்த பள்ளிகளின் குழந்தைகளிடம் தெரிந்த வாசிப்பு முன்னேற்றம், கூடிப் பயிற்சி பெற்ற குழுவில் தெரிந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கையேடு ஒன்று, புத்தகம் ஒன்று, வேறுபாடு ஆசிரியரின் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றாரா என்பதில்தான்.

நேரமும் ஒரு காரணம். அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2007-ல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி பற்றிய 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். கடுமையான சான்று என்று 9 மட்டும் தேறின, எல்லாமே தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பற்றியவை. அவற்றில் 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகளில் உறுதியான பலன் தெரியவில்லை. ஒன்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பயிற்சிக்குச் சராசரியாக 49 மணி நேரம் ஆகியிருந்தது. அதன் பலன், நூறு பேர் வரிசையில் ஐம்பதாவதாக நிற்கும் குழந்தை 21 இடம் முன்னே போவதற்குச் சமம். 49 மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் வீதம் நாற்பது வாரம் வைத்தால் ஒரே கல்வியாண்டில் அதைத் தாண்டிவிடலாம். ஆனால் அது முழுக்க ஒரே பொருளில் போக வேண்டும். இந்த வாரம் கழித்தல், அடுத்த வாரம் யோகா, அதற்கடுத்த வாரம் செயலி என்று போனால் அந்த நேரம் சேராது.

சரி, உங்கள் பள்ளிக்கு வருவோம்.

எட்டு பேர் போதும், நல்ல எண்ணிக்கை. வாரத்தில் ஒரு நாள், குழந்தைகள் போன பிறகு கிடைக்கும் நேரமோ கால அட்டவணையில் நீங்கள் ஒதுக்கும் நேரமோ, அதை யாரும் தொடாதபடி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கை வாசிப்பது, பதிவேடு நிரப்புவது, விழா ஏற்பாடு எதுவும் அதற்குள் நுழையக் கூடாது. தலைமை ஆசிரியரால் மட்டுமே செய்ய முடிந்த வேலை இது. எத்தனையோ பள்ளிகளில் இந்தக் கூட்டம் தொடங்கி நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். ஆசிரியர்களுக்கு விருப்பம் இருந்தது, நேரத்தை நிர்வாக வேலை தின்றுவிட்டது.

பிறகு, வகுப்பைப் பார்க்கப் போகும் முறை. தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்தாலே ஆசிரியருக்கு ஒரு பதற்றம் வரும், ஏனென்றால் பார்வையிடல் என்பது இதுவரை குறை எழுதும் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. மதிப்பிடுவதையும் வளர்ப்பதையும் ஒரே நாளில், ஒரே தாளில் செய்யாதீர்கள். வளர்க்கப் போகும் நாளில் எந்தப் படிவமும் வேண்டாம். "நான் எதைப் பார்க்கட்டும்?" என்று ஆசிரியரிடமே கேளுங்கள். பின்வரிசையில் உட்காரும் நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள் என்பார் ஒருவர். அதை மட்டும் பார்த்து, கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். "அந்தப் பெண் நீங்கள் கேட்ட ஆறு கேள்விக்கும் உதட்டசைத்தாள், ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை." இவ்வளவு போதும். அடுத்து என்ன செய்யலாம் என்று அவரே யோசிப்பார். யோசனையை நீங்கள் கொடுக்கிற நாளிலும் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து யோசனை கொடுத்தால் ஐந்தும் நடக்காது.

அந்த ஒரு யோசனை எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்று காட்டுகிறேன். வகுப்பில் கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1960-களிலேயே அளக்கத் தொடங்கினார். சராசரியாக ஒரு வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் வேறொருவரைக் கேட்பார், இல்லை தானே சொல்லிவிடுவார். மூன்று வினாடிக்கு நீட்டியதும் குழந்தைகளின் பதில் நீண்டது, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாத குழந்தைகள் பேசத் தொடங்கினார்கள். இதைப் பயிற்சியில் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் ஆசிரியர் தன் செல்போனை மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்து, வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் கேட்டிருக்கிறேன். "மூன்றில் இரண்டு பங்கு என்றால் என்ன, யார் சொல்வீர்கள்?" என்ற என் குரல் முடியுமுன்பே அதற்கான விளக்கமும் என் குரலிலேயே தொடங்கியிருந்தது. குழந்தைகளுக்கு நான் நேரமே கொடுக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு கேள்வி கேட்டதும் மனத்துக்குள் மூன்று எண்ணப் பழகினேன். பழக ஒரு பருவம் ஆனது. அந்தப் பதிவை வேறு யாரும் கேட்க வேண்டியதில்லை, ஆசிரியர் விரும்பினால் ஒழிய.

புதியவர்கள் இருவரைப் பற்றி. ஒரு ஆசிரியர் வாழ்நாளில் மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான், மனம் உடைந்து போவதும் அப்போதுதான். பல பள்ளிகளில் புதியவருக்குத்தான் அடங்காத வகுப்பைத் தருகிறார்கள், கூடவே யாரும் விரும்பாத எழுத்து வேலையையும் தருகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். முதல் வகுப்பைப் புதியவரிடம் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. வாசிக்கக் கற்றுக்கொடுப்பது தொடக்கப் பள்ளியிலேயே நுணுக்கமான வேலை, அங்கே உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த ஆசிரியர் இருக்கட்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். சமூகவியலாளர் டேன் லோர்ட்டி 1975-ல் சுட்டிக்காட்டியது இது: ஒருவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் தன் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார். கற்பித்தல் என்றால் என்ன என்பது பயிற்சிக் கல்லூரி வாசலை மிதிக்குமுன்பே மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் மாணவராக அவர் பார்த்தது வெளியே தெரிந்ததை மட்டும். இந்தக் கேள்வியை ஏன் கேட்டார், அந்தக் குழந்தையின் பதிலை ஏன் விட்டுவிட்டார் என்ற யோசனை அவருக்குத் தெரியாது. அதனால்தான் பதற்றம் வந்ததும் புதிய ஆசிரியர் தன் பழைய ஆசிரியரின் குரலில் பேசத் தொடங்குகிறார். அவர்களுக்குத் தேவை, மூத்த ஆசிரியர் ஒருவர் தன் யோசனையை வாய்விட்டுச் சொல்வது. வாரத்தில் ஒரு பாடவேளை மூத்தவர் வகுப்பில் புதியவர் உட்காரட்டும். முடிந்ததும் பத்து நிமிடம், "அந்த இடத்தில் நான் பலகையில் எழுதாமல் நிறுத்தியது இதற்காக" என்று மூத்தவர் சொல்லட்டும். வழிகாட்டியாக யாரைப் போடுவது என்று யோசிக்கும்போது பணிமூப்பை மட்டும் பார்க்காதீர்கள். மிக நன்றாகக் கற்பிக்கும் சிலருக்கு, தான் என்ன செய்கிறோம் என்று எடுத்துச் சொல்ல வராது.

கூடவே ஒத்திகை. 1963-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நுண்நிலைக் கற்பித்தல் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நாலைந்து மாணவர்கள், ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரே ஒரு திறன், உடனே கருத்துரை, மறுபடி அதே பாடம். பயிற்சிக் கல்லூரிகளில் இது இப்போது பதிவேட்டுக்காக நடக்கும் சடங்காகிப் பல இடங்களில் உயிரற்றுப் போனது வருத்தம்தான். உங்கள் பள்ளியில் உயிரோடு செய்யலாம். நாளைக்குப் பின்னத்தை அறிமுகம் செய்யப் போகிறார் புதியவர். இன்று மாலை அந்த முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் உங்கள் முன்னால் செய்யட்டும். "அரை என்றால் இரண்டில் ஒன்று" என்கிறார். நீங்கள் குழந்தையாகக் கேளுங்கள்: "டீச்சர், இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டாலும் அரையா?" அவர் திணறினால் நல்லது, மறுபடி செய்யட்டும். இங்கே திணறுவது நாளைக்கு வகுப்பில் திணறாமல் இருக்கத்தான்.

வெளியில் நடக்கும் பயிற்சிகளை விட்டுவிடச் சொல்லவில்லை. புதிய பாடநூல் வரும்போது, உங்களில் யாருக்குமே தெரியாத ஒரு துறை வரும்போது, வெளியாள் வேண்டும். எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தைகளுக்கு உதவுவது, காது கேளாத குழந்தையைச் சேர்த்துக்கொண்டு வகுப்பு நடத்துவது போன்றவற்றை எட்டு பேரும் கூடிப் பேசினால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. தெரியாததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் தவறும் பரவும். அப்படிப்பட்ட பயிற்சிக்கு முடிந்தால் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்புங்கள். தனியாகப் போய் வந்தவரின் உற்சாகம் தனியாகவே அணைந்துவிடும், இரண்டு பேர் போனால் திரும்பும் வழியிலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் வாரத்துக்குக் கழித்தலையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன், எல்லாரும் நடத்துகிற பாடம் அது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே கணக்கைக் கொடுங்கள்: 402-லிருந்து 178 கழிக்க வேண்டும். துண்டுத் தாளில் போடட்டும், மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்று மாலை தாள்களை விடை வாரியாகப் பிரியுங்கள். 224 எழுதியவர்கள் ஒரு குவியல். 376 எழுதியவர்கள் ஒரு குவியல், பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்தவர்கள் இவர்கள். 234 எழுதியவர்களுக்கு நூறைப் பிரிக்கத் தெரிந்திருக்கிறது, ஆனால் பத்து பத்துகளில் ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு ஒன்பதுதான் மிஞ்சும் என்பது விட்டுப்போயிருக்கிறது. உங்களுக்குப் புரியாத விடைகளைத் தனியே வையுங்கள். மறுநாள் அந்தக் குழந்தைகளைக் கூப்பிட்டு எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள், திருத்தாமல் கேளுங்கள். 376 என்ற குவியலில் ஐந்தாம் வகுப்புத் தாள்களும் இருந்தால், அவற்றை மேசையின் நடுவில் வைத்து எட்டு பேரும் பேச ஆரம்பிக்கலாம்.